ஆயிரத்து நாற்பது அடி

விடுப்பில் ஊருக்கு வந்திருக்கும் சிப்பாய் ஒருவரிடம், பென்ஷன் வந்த பிறகு என்ன செய்வதாக உத்தேசம் என்று கேட்டுப் பாருங்கள். எங்கள் கோபிச்செட்டிபாளையம், சத்தியமங்கலம், அந்தியூர் வட்டாரத்தில் பெரும்பாலோர் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "தோட்டங்காட்டைப் பார்த்துக்கிட்டு இருந்துக்கலாமுங்க." நானும் பதினெட்டு ஆண்டுகள் அதையே சொல்லிக்கொண்டிருந்தவன். ராஜஸ்தான் மணலிலும் லடாக் பனியிலும் இரவுக் காவலுக்கு நிற்கும்போது, தென்னை மட்டை அசைகிற சத்தமும் வாய்க்கால் தண்ணீர் பாத்தியில் புகுகிற சத்தமும் காதுக்குள் கேட்கும். அது ஆசை. திட்டம் என்பது வேறு என்பதைத் தெரிந்துகொள்ள நான் கொடுத்த விலையைப் பற்றியும், இப்போது பணியில் இருக்கும் பிள்ளைகள் அந்த விலையைக் கொடுக்காமல் தப்புவதற்கு என்ன செய்யலாம் என்பதைப் பற்றியும் எழுதவே இதைத் தொடங்குகிறேன்.

1990-ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் நடந்த ஆள்சேர்ப்பில் தேர்வாகி, பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு செகந்திராபாத்துக்கு ரயிலேறினேன். இ.எம்.இ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் மின்னியல், இயந்திரப் பொறியியல் படைப்பிரிவில் வண்டி மெக்கானிக்காகப் பயிற்சி பெற்றேன். 2008-இல், தந்தையார் மாட்டுக் கட்டுத்தரையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு, சொந்த விருப்பத்தின் பேரில் விடுவித்துக்கொண்டு ஊர் திரும்பினேன். அப்போது எனக்கு வயது 37. சிப்பாய்களுக்கு ஓய்வூதியம் பெறக் குறைந்தது 15 ஆண்டுப் பணி வேண்டும், அது எனக்கு இருந்தது. ஊரில் எல்லோரும் "பென்ஷன் வந்துட்டாரு" என்றார்கள். 37 வயதுக்காரனைப் பார்த்து அந்தச் சொல்லைச் சொல்லும்போது, இனி இவன் திண்ணையில் உட்கார வேண்டியவன்தான் என்ற ஒரு தீர்ப்பும் அதற்குள் சேர்ந்தே வந்துவிடுகிறது. அரசு ஊழியர் ஒருவர் அறுபதை நெருங்கும்போது கேட்கிற சொல்லை, மூத்த மகள் எட்டாம் வகுப்பும் இளையவன் மூன்றாம் வகுப்பும் படித்துக்கொண்டிருந்தபோது நான் கேட்டேன்.

எங்கள் நிலம் ஐந்து ஏக்கர். கீழ்பவானி வாய்க்காலுக்கு மேட்டுப்பக்கம் இருக்கிறது. வாய்க்காலுக்குப் பள்ளப்பக்கம் இருக்கும் 2,07,000 ஏக்கரும் பவானிசாகர் அணையின் தண்ணீரைப் பார்க்கும், மேட்டுப்பக்கம் இருப்பவர்கள் வாய்க்கால் ஓடுவதைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். இந்தக் கதை எங்கள் பகுதியில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கிணறு வற்றிக் கிடந்தது. நான் வந்த கையோடு செய்த முதல் வேலை, ஓய்வூதியத்தில் பாதியைத் தொகுத்து வாங்கியதுதான். படைவீரர்கள் தங்கள் ஓய்வூதியத்தில் 50 விழுக்காடு வரை ஒப்படைத்துவிட்டு, அதற்கு ஈடான தொகையை மொத்தமாக வாங்கிக்கொள்ளலாம். ஒப்படைத்த பகுதி 15 ஆண்டுகள் கழித்துத்தான் திரும்பவும் கைக்கு வரும். பணிக்கொடையும் குழுக் காப்பீட்டுப் பணமும் அதோடு சேர்ந்து வங்கிக் கணக்கில் விழுந்தபோது, அவ்வளவு பெரிய எண்ணை என் பெயருக்கு நேராக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நீரோட்டம் பார்ப்பவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்தார், வடமேற்கு மூலையில் தேங்காய் எழுந்து நின்றது. ஆழ்துளைக் கிணறு போடும் திருச்செங்கோட்டு ரிக் வண்டி பொழுதோடு வந்து சேர்ந்தது. இரவு முழுக்க ஓட்டினார்கள். 380 அடியில் புகை கொஞ்சம் ஈரமாக வந்தது, அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குப் பிறகு வந்ததெல்லாம் கருங்கல் மாவு. வெளிச்சத்தில் அது மாவு மில்லிலிருந்து பறப்பது போலப் பறந்து, தென்னை மட்டை, சோளத்தட்டுப் போர், எருமையின் முதுகு, அம்மாவின் தலைமுடி எல்லாவற்றின் மீதும் படிந்தது. குழாய் இறங்க இறங்க அடிக்கணக்கு ஏறிக்கொண்டே போனது. வண்டிக்காரப் பையன் ஐம்பது அடிக்கு ஒருமுறை என் முகத்தைப் பார்ப்பான், நான் தலையசைப்பேன். 1,040 அடியில் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னபோது கிழக்கு வெளுத்திருந்தது. மூன்று மாதம் கழித்து, அதே பிடிவாதத்தில் இன்னொரு இடத்தில் ஓட்டி, அதுவும் பொய்த்தது.

அந்த இரண்டு துளைகளுக்குள் போனது என் ஓய்வூதியத்தின் பாதி. 2008-இல் ஒப்படைத்தது 2023-இல்தான் திரும்பி வந்தது. பதினைந்து ஆண்டுகள், ஒவ்வொரு மாதமும் பாதி. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குக் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைக்கப் போன காலையில், மனைவி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. நான் வெளியே வண்டியில் உட்கார்ந்திருந்தேன். நிலத்தின் மீதோ விவசாயத்தின் மீதோ எனக்கு எந்த வருத்தமும் இல்லை. தண்ணீர் உள்ள நிலமும், அதில் தொடர்ந்து பாடுபட்ட கையும் இருந்தால் அது நல்ல வாழ்வுதான். ஆனால் பதினெட்டு ஆண்டுகள் மண்ணைத் தொடாத ஒருவன், வெளியே வந்த முதல் சில மாதங்களுக்குள், வாழ்நாள் சேமிப்பை மண்ணுக்குள் இறக்குவதை நான் விவசாயம் என்று ஏற்றுக்கொள்ள மாட்டேன்.

பணம் கரைந்த பிறகுதான் தொழில் நினைவுக்கு வந்தது. சங்ககிரி லாரித் தொழிலுக்குப் பேர்போன ஊர், வண்டி மெக்கானிக்குக்கு அங்கே வேலை இல்லாமல் போகாது என்று நம்பி ஒரு பெரிய பட்டறைக்குப் போனேன். ஸ்டாலியன் என்ற படை லாரியின் கியர்பாக்ஸைக் கொட்டும் பனியில் சாலையோரத்திலேயே இறக்கி, பிரித்து, மாற்றி ஏற்றியவன் நான். விரல் உலோகத்தில் ஒட்டிக்கொள்ளும் குளிரில், எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து அதை ஓடவிட்டு அணைத்தவன். இதையெல்லாம் உரிமையாளர் மரியாதையாகவே கேட்டுக்கொண்டார். பிறகு, "ஐ.டி.ஐ. சர்டிபிகேட் இருக்குங்களா?" என்றார். டிஸ்சார்ஜ் புத்தகத்தை நீட்டினேன். அதில் என் தொழில் பெயரும், முதல் வகுப்பு என்ற தரமும் ஆங்கிலச் சுருக்கெழுத்துகளில் இருந்தன. அவர் இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். காப்பீட்டு நிறுவனமும் வண்டிக் கம்பெனியும் சான்றிதழ் உள்ள ஆளைத்தான் கணக்கில் எடுப்பார்கள் என்றும், வேண்டுமானால் உதவியாளாக வரலாம் என்றும் சொன்னார். அவர் மேல் குற்றமில்லை. என் பதினெட்டு ஆண்டு வேலையை அவருக்குப் புரிகிற தாளில் பெயர்த்து வைத்துக்கொள்ளாதது நான்தான்.

இத்தனைக்கும் அதற்கு வழி இருந்தது. அகில இந்தியத் தொழிற்தேர்வைத் தொழில் அனுபவத்தின் அடிப்படையில் தனித்தேர்வராக எழுதலாம். பணியில் இருக்கும்போதே, கருவியும் பழக்கமும் கையில் இருக்கும்போதே, எழுதி முடித்திருக்க வேண்டிய தேர்வு அது. படையில் சிக்னல் பிரிவு, பொறியியல் பிரிவு, மருத்துவப் பிரிவு என எங்கே இருந்தாலும், அங்கே கற்ற தொழிலுக்கு வெளியே என்ன பெயர், அந்தப் பெயரில் சான்றிதழ் தருவது யார் என்ற இரண்டு கேள்விகளைப் பத்தாவது ஆண்டிலேயே கேட்டுவிட வேண்டும். காலாட்படையில் இருப்பவருக்கு இது இன்னும் கடினம், ஏனென்றால் அவருடைய தொழிலுக்கு வெளியே நேரான பெயரே கிடையாது. அவருக்குப் படிப்பு ஒன்றுதான் பாலம்.

அடுத்த எட்டு மாதம் ஒரு நூற்பாலையின் வாயிலில் காவலராக இருந்தேன். லாரி எண்ணை நோட்டில் எழுதுவது, இரவு பன்னிரண்டுக்கும் மூன்றுக்கும் மதிலைச் சுற்றி வருவது. காவல் வேலையை நான் தாழ்த்திச் சொல்லவில்லை. தமிழ்நாடு முன்னாள் படைவீரர் கழகமான டெக்ஸ்கோ 1986-இலிருந்து எத்தனையோ குடும்பங்களுக்குச் சோறு போட்டிருக்கிறது. மின்நிலையங்களின் வாயில்களில் நிற்கும் நம் ஆட்களைப் பார்த்தால் இன்றைக்கும் வண்டியை நிறுத்தி இரண்டு வார்த்தை பேசாமல் போகமாட்டேன். என் மனக்குறை வேறு. அந்த வேலையை அவர் தேர்ந்தெடுத்தாரா, அல்லது வேறு எதையும் யோசிக்க நேரமில்லாமல் அதில் வந்து விழுந்தாரா? என் விஷயத்தில் இரண்டாவதுதான். முப்பத்தெட்டு வயதில், கண்ணும் கையும் மூளையும் முழு வலுவோடு இருக்கும்போது, ஊர் நமக்கென்று எடுத்து வைத்திருக்கும் ஒரே நாற்காலி வாயிற்கதவின் ஓரத்தில் இருப்பது நியாயமில்லை என்று அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

கோயம்புத்தூர் படைவீரர் கேண்டீன் வரிசையில்தான் எனக்கு வழி திறந்தது. முன்னால் நின்றிருந்த ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் பணியிடங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு 14.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டென்றும், அதில் 4.5 விழுக்காடு ஊனமுற்ற படைவீரர்களுக்கும் போரில் இறந்தவர்களின் குடும்பத்தாருக்கும் உரியதென்றும், பல இடங்கள் போதிய ஆள் வராமல் நிரம்பாமலே போகின்றன என்றும் சொன்னார். "நான் பத்தாவதுதானுங்களே" என்றேன். பத்தாம் வகுப்புத் தேர்ச்சியும் 15 ஆண்டுப் படைப்பணியும் உள்ளவரை, தொழில்நுட்ப அனுபவம் தேவைப்படாத பணிகளுக்கு, பட்டதாரிக்கு நிகராகக் கருத விதி இருக்கிறது என்று விளக்கினார். மத்திய அரசின் சி பிரிவுப் பணிகளுக்கும் இதே விதி உண்டு, அங்கே ஒதுக்கீடு 10 விழுக்காடு. வயதைப் பற்றியும் கவலை வேண்டாம், படையில் இருந்த ஆண்டுகளையும் அதற்கு மேல் மூன்று ஆண்டுகளையும் கழித்துத்தான் கணக்கிடுவார்கள். இவை எல்லாம் நான் பணியில் இருந்தபோதே நடப்பில் இருந்த விதிகள். அதைவிட மனதைச் சுட்டது, பணி முடிய ஓராண்டு இருக்கும்போதே இந்தத் தேர்வுகளுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது. நான் சீருடையில் இருந்தபடியே எழுதி, டிஸ்சார்ஜ் ஆன சில மாதங்களுக்குள் வங்கியில் உட்கார்ந்திருக்கலாம். ஆழ்துளைக் கிணறு என்ற நினைப்புக்கே அவசியம் வந்திருக்காது.

பிறகு படித்தேன். ஆலையில் இரவு வேலை முடிந்து காலை எட்டு மணிக்கு வீடு வந்து, மூன்று மணி நேரம் தூங்கி எழுந்து, ஆசாரத்தில், அதாவது வீட்டின் முன்கூடத்தில், பாய் விரித்து உட்காருவேன். மகளின் ஏழாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்திலிருந்து தொடங்கினேன். தனிவட்டியும் விகிதமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தன, ஆங்கிலம்தான் வழிக்கு வரவில்லை. பதினெட்டு ஆண்டுகள் இந்தியில் பேசி, கட்டளைகளை ஆங்கிலத்தில் கேட்டுப் பழகிய எனக்கு, ஒரு முழு ஆங்கில வாக்கியத்தை எழுத வரவில்லை. மகள் பள்ளியிலிருந்து வந்ததும் சிவப்புப் பேனாவை எடுத்துக்கொண்டு என் நோட்டைத் திருத்துவாள். "அப்பா, இந்த இடத்துல 'ஆன்' வரக்கூடாதுங்ப்பா, 'இன்'னுதான் வரணும்" என்று அவள் பத்தாவது முறை சொல்லும்போதும் முதல் முறை சொன்ன அதே பொறுமை குரலில் இருக்கும். 2010-இல் எழுத்தரானேன். பக்கத்து மேசையில் எனக்கு மூத்தவராக இருந்தவருக்கு வயது 24, அவரிடம்தான் கணினி கற்றுக்கொண்டேன். படையில் நாம் பழகிக்கொள்ளும் ஒன்று இங்கே பெரிதாக உதவியது. சொல்லித் தருபவரின் வயதைப் பார்ப்பதில்லை.

இந்த அனுபவத்தின் பேரில் பணியில் இருப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது பட்டப்படிப்பின் வரிசையைப் பற்றித்தான். பத்தாம் வகுப்போடு சேர்ந்த பலர், திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கிவிடுகிறார்கள். பெருந்துறைப் பக்கத்து நண்பர் ஒருவர் அப்படித்தான் எல்லையில் இருந்தபடியே ஆறு ஆண்டுகள் விடுப்பை எல்லாம் தேர்வுக்குச் செலவழித்துப் பட்டம் வாங்கினார். ஊருக்கு வந்து மாநில அரசுப் பணிக்கு விண்ணப்பித்தபோது, பத்து, பன்னிரண்டு, பிறகு பட்டம் என்ற வரிசையில் படிக்காத பட்டத்தைத் தமிழ்நாடு அரசு தன் பணி நியமனங்களுக்கு ஏற்பதில்லை என்ற விவரம் தெரிந்தது. 2009-இல் வந்த அரசாணை அது. தபால் உறையை மடியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்த மாலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஆகவே பிளஸ் டூ முடிக்காதவர்கள் முதலில் அதைத் தனித்தேர்வராக முடியுங்கள். இரண்டு ஆண்டு தாமதமானாலும் பரவாயில்லை.

பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் மறுவாழ்வு இயக்குநரகம், பணி முடியும் தறுவாயில் இருப்பவர்களுக்குப் பயிற்சி வகுப்புகள் நடத்துகிறது. சிப்பாய்களுக்கும் சுபேதார் போன்ற ஜே.சி.ஓ.க்களுக்கும் கட்டணம் இல்லை. அதிகாரிகள் 40 விழுக்காடு கட்ட வேண்டும், மேலாண்மைக் கழகங்களில் ஆறு மாதப் படிப்புகள்கூட அவர்களுக்கு உண்டு. நல்ல ஏற்பாடுதான், விட்டுவிடக் கூடாது. ஆனால் கடைசியில் கிடைக்கும் சில வாரப் பயிற்சி, பத்தாவது ஆண்டில் தொடங்கிய படிப்புக்கு மேல் ஒரு முடிச்சாக அமைய வேண்டும். அதுவே முதலும் முடிவுமாக இருந்தால், மூன்று மாதச் சான்றிதழோடு அதே ஆலை வாயிலுக்குத்தான் வருவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைப் பற்றி ஆண்கள் பேசுவதே இல்லை. நான் வெளியில் இருந்த பதினெட்டு ஆண்டுகளும் தோட்டத்தை நடத்தியவர் என் மனைவி. எந்த எருமை எந்த மாதம் ஈனும், பால் சங்கத்தில் எவ்வளவு பாக்கி, எந்த ஆள் சொன்ன நாளில் களையெடுக்க வருவார், எந்த மூலையில் மண் சுண்ணாம்பாக இருக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். நான் வந்து இறங்கிய மறுநாளே கட்டளை போடத் தொடங்கினேன். வடமேற்கு மூலையில் தண்ணீர் கிடையாது, அவருடைய மாமனார் காலத்திலேயே பார்த்தாயிற்று என்று அவர் சொன்னதை, ரிக் வண்டி வருவதற்கு முன்பு இரண்டு முறை காதில் வாங்காமல் விட்டேன். ஓய்வுக்குப் பிந்தைய திட்டத்தைச் சிப்பாய் தனியாகப் போடக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். நாம் இல்லாத நாளில் அந்த வீட்டை ஒரு படைத்தளபதியைப் போல நடத்தியவர் அங்கே இருக்கிறார். வந்த பிறகு முதல் ஓராண்டாவது அவருக்குக் கீழே வேலை செய்ய வேண்டும். இப்போது எங்கள் தோட்டத்தில் மழையை நம்பிச் சோளமும் கொள்ளும், நான்கு எருமையும் இருக்கின்றன. கணக்கு அவருடையது. பொழுதோடு வங்கியிலிருந்து வந்து நான் சாணி அள்ளுகிறேன்.

இவ்வளவையும் இப்போது எழுதத் தூண்டியது, போன மாதம் விடுப்பில் வந்திருந்த பக்கத்துத் தோட்டத்துப் பையன். அக்னிபத் திட்டத்தில் படையில் சேர்ந்த அக்னிவீர்களின் முதல் அணியைச் சேர்ந்தவன். 2022 ஜூன் மாதம் அறிவிக்கப்பட்ட அந்தத் திட்டத்தில் பணிக்காலம் நான்கு ஆண்டு. நூற்றுக்கு 25 பேர் வரைதான் தொடர்ந்து படையில் வைத்துக்கொள்ளப்படுவார்கள். மற்றவர்களுக்கு ஓய்வூதியம் இல்லை, பணிக்கொடை இல்லை, முன்னாள் படைவீரர் என்ற தகுதியும் இல்லை. அதாவது எனக்குக் கை கொடுத்த 14.5 விழுக்காடும், 15 ஆண்டுப் பணியைப் பட்டத்துக்கு நிகராக்கிய விதியும் அவனுக்குக் கிடையாது. மாதச் சம்பளத்தில் பிடித்த 30 விழுக்காடும், அரசு அதற்கு ஈடாகப் போட்டதும், வட்டியும் சேர்ந்து சுமார் 11.71 லட்சம் ரூபாய் சேவை நிதியாக வரும். மத்திய ஆயுதக் காவல் படைகளில் தனி ஒதுக்கீடு உண்டு. 2026 இறுதியில் வெளியே வரும்போது அவனுக்கு 23 வயது.

"பன்னெண்டு லட்சத்துக்குப் பக்கமா வருதுங் மாமா. ரிக் வண்டில ஒரு பங்கு போட்டுக்கலாம்னு இருக்கறனுங்" என்றான்.

எனக்கு உடனே பேச வரவில்லை. அவனை எழுப்பிக்கொண்டு போய் வடமேற்கு மூலையில் நிறுத்தினேன். அந்தத் துளையின் வாயில் ஒரு கருங்கல்லைப் போட்டு வைத்திருக்கிறோம், குழந்தைகள் விழுந்துவிடாமல் இருக்க. கல்லைப் புரட்டி, ஒரு சிறு கல்லை எடுத்து உள்ளே போடச் சொன்னேன். வெகுநேரம் காதைக் கொடுத்துக் கேட்டான்.

"மாப்ளே, உன்ற பணத்தைப் பத்தி நான் பேசல. அது அஞ்சு வருசம் பேங்க்குல கெடக்கட்டும். உனக்கு இருபத்துமூணு வயசு, அதுதான் சொத்து. எனக்கு அது இல்லாமப் போச்சு" என்றேன்.

பிளஸ் டூவில் வணிகவியல் படித்தவன். இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து, படைப்பயிற்சியையே பாதி மதிப்பெண் அலகாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளும் பட்டப்படிப்பு ஒன்று அக்னிவீர்களுக்கென்று அறிவிக்கப்பட்டிருப்பது அவனுக்குத் தெரிந்திருந்தது, சேரவில்லை. "அப்புறம் பார்த்துக்கலாம்னு உட்டுட்டனுங்" என்றான். அந்தச் சொல் என் வயிற்றைப் பிசைந்தது, நானும் பதினெட்டு ஆண்டுகள் அதையேதான் சொன்னேன். இரண்டு நாள் மாலை வேளைகளில் எங்கள் ஆசாரத்தில் உட்கார்ந்து, அவன் கைப்பேசியில் சேர்க்கை விவரங்களைப் படித்தோம். என் மகள் பெங்களூரிலிருந்து தொலைபேசியில் ஒவ்வொரு கட்டமாகச் சொல்லிக்கொடுத்தாள். மத்திய காவல் படைத் தேர்வுக்கான கணக்குப் புத்தகம் ஒன்றையும், நான் 2010-இல் எழுதிய கணக்கு நோட்டையும், சிவப்பு மையோடு அப்படியே, அவனிடம் கொடுத்தேன்.

ஈரோடு ரயில் நிலையத்துக்கு நான்தான் வண்டியில் கொண்டுபோய் விட்டேன். பையில் மேலாக அந்த நோட்டு இருந்தது. படைப்பிரிவு அலுவலகத்தில் கையெழுத்து வாங்க வேண்டிய தாளைக் கிழியாமல் இருக்க அதன் நடுவில் மடித்து வைத்திருந்தான். போய்ச் சேர்ந்த நான்காம் நாள் இரவு கூப்பிட்டான். அலுவலகத்தில் எழுத்தர் விடுப்பில் இருக்கிறாராம், திங்கட்கிழமை வந்துவிடுவாராம். "திங்கக்கெழம மொத ஆளாப் போயி நின்னர்றனுங் மாமா" என்றான். நான் திங்கட்கிழமை சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.